இலங்கைப் புகையிரதப் பெட்டிகளின் அளவுப் படங்கள் எங்கே கிடைக்கும்?

கொழும்பில் இருந்துகொண்டு, நம் புகையிரதங்களின் சிறு மாதிரிகளைப் பிளாஸ்டிக் தகட்டில் முழுவதும் கையால் செய்ய அளவுப் படம் தேடுகிறீர்கள். முதலில் விகிதத்தை முடிவு செய்யுங்கள். நம் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1,676 மி.மீ.; 1:87 விகிதத்தில் அது 19.3 மி.மீ. ஆகும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மி.மீ. அதில் நிறுத்தினால் சக்கரங்கள் ஒடுங்கி, பெட்டி கொழுத்துத் தெரியும். 1:100 என்றால் 16.76 வரும், அந்த வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பழைய களனிவெளிக் குறும்பாதைக்கு (762 மி.மீ.) 1:87 விகிதமும் 9 மி.மீ. தண்டவாளமும் நன்றாகவே பொருந்தும்.

இயந்திரங்களுக்கு, தயாரித்த ஊரில் தேடுவதே பலன் தரும். நம் கெரட் நீராவி இயந்திரங்களைச் செய்த பேயர் பீகொக் நிறுவனத்தின் ஆவணங்கள் மான்செஸ்டர் அறிவியல், தொழில்துறை அருங்காட்சியகத்தில் உள்ளன. கனடாவிலிருந்து வந்த எம்2 டீசல் இயந்திரம், பல நாடுகளில் ஓடிய ஜி12 வகை. வெளிநாட்டுப் படங்களும் உதவும். ஆனால் சக்கர அமைப்பு நாட்டுக்கு நாடு மாறும், கவனம்.

பெட்டிகளுக்குப் படம் அகப்படாவிட்டால் அளந்துவிடுங்கள். கடுகண்ணாவ புகையிரத அருங்காட்சியகத்தில் அனுமதி கேட்டுப் பாருங்கள். பக்கச் சுவரில் ஒரு மீட்டர் கோலைச் சாய்த்துவைத்து, தூர நின்று, நேர் எதிரே படமெடுங்கள். அருகில் நின்று எடுத்த படத்தில் ஓரங்கள் பொய் சொல்லும். பழைய வரைபட நகலாக இருந்தாலும் அச்சிட்ட விகிதத்தை நம்பாதீர்கள். நகலெடுக்கையில் தாள் சுருங்கியிருக்கலாம். தெரிந்த ஒரு நீளத்தோடு ஒப்பிட்ட பிறகே தகட்டை வெட்டுங்கள்.