பென்சிலைக் கண்டாலே வீசி எறிகிறான்!

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, ஆட்டிசம் இருக்கிறது. பத்துப் பதினைந்து வார்த்தைகள் பேசுவான். பள்ளியில் சத்தமும் கூட்டமும் தாங்காமல் தினமும் அழுததால், 6 மாதமாக வீட்டில் நானே சொல்லிக்கொடுக்கிறேன். காலை 9 முதல் 1 மணி வரை தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று பீரியட் போட்டு உட்கார வைக்கிறேன். இப்போது பென்சிலைக் கண்டாலே வீசி எறிகிறான். 'அடம்பிடிக்கிறான், பள்ளிக்கே அனுப்பிவிடு' என்கிறார் கணவர். பட அட்டை காட்டிப் பழக்கினால் பேச்சே வராது என்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும்? இன்னொன்று, 5 வயது மகளும் அண்ணனோடு உட்கார வேண்டும் என்று அழுகிறாள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அடம் என்று முடிவு கட்டும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள், அம்மா. இந்த எறிதல் திடீரென்று கூடியதா? பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை எல்லாவற்றையும் சொல்லத் தெரியாத பிள்ளை கோபமாகத்தான் காட்டும். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அப்புறம் பாடத்துக்கு வாருங்கள்.

உடம்பில் குறை ஒன்றும் இல்லையென்றால், முதல் வேலையாக அந்த பீரியட் அட்டவணையை எடுத்துவிடுங்கள். ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளை ஒரே ஆசிரியர் சமாளிக்க உண்டான ஏற்பாடு அது. உங்களுக்கு எதற்கு? அவன் 5 நிமிடம் உட்காருவான் என்றால் பாடமும் 5 நிமிடம்தான். அவன் எறிவதற்கு முன்பே, நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே, 'போதும் கண்ணா' என்று நிறுத்துங்கள். அப்போதுதான் மறுபடி கூப்பிட்டால் பயமில்லாமல் வருவான்.

சரி, பென்சில். கொஞ்ச நாளைக்கு அது கண்ணில் படவே வேண்டாம். பல பிள்ளைகளுக்கு விரலில் வலு வந்திருக்காது, நாம் எழுத்தைக் கொடுத்துவிடுவோம். களிமண் பிசையட்டும், துணிக் கிளிப்பைக் கொடியில் மாட்டட்டும், காகிதம் கிழிக்கட்டும். எழுத்துக்கு வரும்போதும் 'அ'வில் தொடங்காதீர்கள். சுழித்து, வளைத்து, கீழே இறக்கி என்று அது பெரிய வேலை. 'ட' இரண்டே கோடு, 'ப' மூன்று கோடு. அங்கிருந்து 'ம'வுக்குப் போகலாம். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, அதன்மேல் விரலை ஓட்டச் சொல்லுங்கள். மரியா மாண்டிசோரியின் வழி இது. 1907-ல் ரோம் நகரில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறப்பதற்கு முன்பு அவர் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளோடு வேலை செய்தவர். இன்று எல்லாப் பிள்ளைகளும் தொட்டுத் தடவிப் படிக்கும் முறைக்கு வித்திட்டவர்கள் நம் பிள்ளைகளைப் போன்றவர்கள்தான். எனக்கு இதைச் சொல்வதில் எப்போதும் ஒரு பெருமை!

உங்கள் கடிதத்தில் குளியல், சட்டை, செருப்பு பற்றி ஒரு வரிகூட இல்லையே? என்னைக் கேட்டால் 8 வயதில் அவனுக்கு முதல் பாடம் அதுதான். சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தான்களை எல்லாம் நீங்களே போட்டு, கடைசிப் பித்தானைப் பாதி துளைக்குள் நுழைத்து வையுங்கள். அதை இழுத்து முடிப்பது மட்டும் அவன் வேலை. அது பழகியதும் கடைசிப் பித்தான் முழுவதும், அப்புறம் கடைசி இரண்டு. இப்படிக் கடைசியிலிருந்து பின்னோக்கி வரும்போது, ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான். வீட்டில் முடியும், வகுப்பில் முடியாது என்று நான் அடித்துச் சொல்லக்கூடிய விஷயம் இது. பித்தான் போடப் பத்து நிமிடம் காத்திருக்க அம்மாவால்தான் முடியும்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், படம் பேச்சைத் தடுக்காது. ஆய்வுகளும் அதைத்தான் காட்டுகின்றன. படத்தைக் காட்டிக் கேட்டது கிடைக்கிறது என்று தெரிந்துவிட்டால் பிள்ளைக்குப் பதற்றம் குறையும். ஓர் அட்டையில் இரண்டே படம் போதும், முதலில் எழுத்து, பிறகு ஊஞ்சல். படத்தைக் காட்டும்போது நீங்களும் வார்த்தையைச் சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும். ஒரு நோட்டில் தேதி போட்டு, கையைப் பிடித்துச் செய்தானா, தொட்டதும் செய்தானா, சைகை காட்டியதும் செய்தானா, தானாகவே செய்தானா என்று மட்டும் எழுதுங்கள். மாதக் கடைசியில் இருவரும் உட்கார்ந்து பாருங்கள். பள்ளிக்கு அனுப்பும் பேச்சை அந்த நோட்டை வைத்துப் பேசலாம். வேறு பள்ளி, குறைந்த நேரம் என்று வழிகள் உண்டு, கதவைச் சாத்த வேண்டாம். மாலைக் குளியலை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். உங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் கட்டாயம் வேண்டும்.

மகளுக்கும் ஒரு செட் அட்டை செய்து கொடுங்கள். அண்ணனுக்குக் காட்டும் அதே நேரத்தில் அவளுக்கும் காட்டுங்கள். ஆனால், அவனுக்குப் பதிலாக அவளே பதில் சொல்ல விடாதீர்கள்.