பொருந்த மறுக்கும் கட்டைகள்: வாசகர் கேள்வி – பதில்

லெகோ முதலான பொருத்துக்கட்டை பொம்மைகள் குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு, பல்சக்கரமும் அச்சுத்தண்டும் வைத்து இயங்கும் லெகோ டெக்னிக் வகைக் கார் ஒன்று அன்பளிப்பாக வந்தது. புத்தகத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகத்தான் பொருத்தினோம். ஆனாலும் பாதி வேலை முடிந்த நிலையில் சக்கரம் சுழல மறுக்கிறது. குறை பொம்மையிலா, எங்களிடமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சக்கரம் இப்போதுதான் மக்கர் செய்கிறது என்றாலும், பிழை பல பக்கங்களுக்கு முன்பே நடந்திருக்கும். டெக்னிக் வகையில் துளைகளை இணைக்கும் சிறு முளைகள் இரண்டு விதம். கறுப்பு, நீல நிறங்களில் வருபவற்றின் உடலில் மெல்லிய வரம்புகள் இருப்பதால் அவை துளையை இறுகப் பற்றிக்கொள்ளும். சாம்பல் அல்லது மணல் நிறத்தில் வருபவை வழவழப்பாக இருந்து தடையின்றிச் சுழலும். சுழல வேண்டிய இடத்தில் இறுகும் முளையைச் செருகிவிட்டால் அப்போதைக்கு எல்லாம் சரியாகவே தோன்றும், பல்சக்கரங்களைக் கோத்த பிறகுதான் வண்டி அசைய மறுக்கும். முதலில் அந்த முளைகளைப் பாருங்கள். அவை சரியாக இருந்தால், அச்சுத்தண்டில் செருகிய வளையம் பக்கத்துச் சட்டத்தோடு ஒட்டி நெருக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, மயிரிழை அளவு விலக்கி விடுங்கள். பெரும்பாலான வண்டிகள் இதிலேயே ஓடத் தொடங்கிவிடும்.

அச்சுத்தண்டின் நீளத்தைக் கண்ணால் மதிப்பிடுவதும் இன்னொரு பொறி. புத்தகத்தில் தண்டின் படத்தை அதன் அசல் அளவிலேயே அச்சிட்டு, அருகே நீளத்தைக் குறிக்கும் எண்ணையும் தந்திருப்பார்கள். கையிலுள்ள தண்டைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒவ்வொரு படியின் மூலையிலும் உள்ள சிறு கட்டம். அந்தப் படிக்கு எந்தெந்தத் துண்டு எத்தனை வேண்டும் என்பது அதில் இருக்கும். அவற்றை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு, அந்தச் சிறு குவியல் காலியான பிறகே பக்கத்தைப் புரட்டுவது என்று வைத்துக்கொண்டால், துண்டு விடுபட்டுப்போவது பெருமளவு நின்றுவிடும். சிறுவர்கள் பெரிய படத்தை மட்டும் பார்ப்பார்கள். அந்தக் கட்டத்தைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

கேள்வி: இரவில் பொருத்த உட்கார்ந்தால் கறுப்புக்கும் அடர் சாம்பலுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. அடர் சிவப்பும் செம்பழுப்பும் அப்படியே. வயதாகிவிட்டதுதான் காரணமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வயதை மட்டும் குறை சொல்ல வேண்டாம். பிளாஸ்டிக்கின் நிறத்தைத் தாளில் மையால் அப்படியே கொண்டுவர முடியாது. அதனால்தான் கறுப்புத் துண்டுகளின் விளிம்பை வெளிர்கோட்டால் வரைந்து காட்டுகிறார்கள். விளிம்பு வெளிறியிருந்தால் கறுப்பு, இல்லையேல் சாம்பல் என்று கொள்ளலாம். மஞ்சள் விளக்கொளியில் பழுப்பு வகை நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து தோன்றும் என்பதால், துண்டுகளைப் பிரித்து அடுக்கும் வேலையையாவது பகலில் சன்னலோரம் முடித்துக்கொள்ளுங்கள். கட்டடம் முழுவதும் வெள்ளையாக இருக்க, உள்ளே மட்டும் பச்சையும் மஞ்சளுமாகக் கட்டைகள் வருவதைக் கண்டு சிலர் செட் மாறிவிட்டதோ என்று பதறுகிறார்கள். வெளியே தெரியாத பகுதியில் திசையும் இடமும் எளிதில் பிடிபடுவதற்காக வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே செய்வது அது.

லெகோ நிறுவனத்தின் செயலியில் பல செட்டுகளுக்குப் படத்தைப் பெரிதாக்கியும் சுழற்றியும் பார்க்கும் வசதி இருக்கிறது. பார்வையற்றோருக்காக, சில செட்டுகளுக்கு ஒலி வடிவிலும் பிரெய்லியிலும் வழிகாட்டுதலை 2019 முதல் தருகிறார்கள். வீட்டில் ஒரு பையன் சிவப்பையும் பச்சையையும் விடாமல் மாற்றி எடுக்கிறான் என்றால் அவனைக் கடிந்துகொள்ளாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். நிறக்குறைபாடு ஆண்பிள்ளைகளிடம்தான் அதிகம்.

கேள்வி: ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்ட இரண்டு மெல்லிய தட்டுகளைப் பிரிக்க முடியவில்லை. பேத்தி பல்லால் கடிக்கிறாள். வெந்நீரில் போடலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பல்லும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம், கத்தி வேண்டவே வேண்டாம். ஒரு தட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர்தான்; மூன்று தட்டுகளை அடுக்கினால் ஒரு கட்டையின் உயரமான 9.6 மில்லிமீட்டர் வரும். ஒரே அளவுள்ள இரு தட்டுகள் சேர்ந்துவிட்டால் நகம் நுழைய விளிம்பே கிடைக்காது. மேலேயுள்ள குமிழ்களை, அடிப்புறத்துக் குழாய்கள் நெருக்கிப் பிடிக்கும் இந்த அமைப்புக்கு டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரைச் சேர்ந்த லெகோ நிறுவனம் 1958 ஜனவரியில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. கட்டிய வீடு கையில் தூக்கினாலும் உதிராமல் நிற்பது இந்தப் பிடியால்தான், உங்கள் பேத்தியைப் படுத்துவதும் இதே பிடிதான்.

பெரிய செட்டுகள் பலவற்றில் ஆரஞ்சு நிறத்தில் நெம்புகோல் போன்ற பிரிப்பான் ஒன்று வருகிறது. அதன் முனையை மேல்தட்டின் குமிழ்களில் அழுத்திப் பொருத்தி, பிடியைக் கீழ்நோக்கி அமுக்கினால் தட்டு விளிம்பிலிருந்து எழும்பும். பிடிவாதமான சோடிக்கு இரண்டு பிரிப்பான்கள் வேண்டும்: ஒன்றை மேலும் ஒன்றைக் கீழும் பொருத்தி, இரண்டு பிடிகளையும் ஒன்றையொன்று நோக்கி அமுக்க வேண்டும். கட்டைகளைக் கழுவுவதற்குக்கூட 40 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான நீர் கூடாது. வடிவம் கெட்டால் பிடியும் போய்விடும்.

கேள்வி: எல்லாம் முடிந்தபின் ஏழெட்டுத் துண்டுகள் மிஞ்சுகின்றன. பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டுமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: மிஞ்சியவை ஒற்றைக்குமிழ்த் துண்டுகளும் சிறு முளைகளும் என்றால் கவலையே வேண்டாம். மிகச் சிறியவை தொலைந்துபோகும், எடைபார்த்துப் பொதியும்போது தவறியும் போகும் என்பதால் வகைக்கு ஒன்றிரண்டை உபரியாகவே போடுகிறார்கள். பெரிய கட்டை ஒன்று மிஞ்சினால் மட்டும் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டுங்கள்.

கேள்வி: விலை குறைந்த வேறு நிறுவனக் கட்டைகளை வாங்கலாமா? போலியை வாங்கிய குற்றம் வருமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: லெகோ கட்டையின் அடிப்படைக் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது, கட்டையின் வடிவத்தை வணிகச் சின்னமாகப் பதிய முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றமும் 2010இல் தீர்ப்பளித்தது. ஆகவே பொருந்தும் கட்டையை எவரும் செய்யலாம். பிறருடைய பெயரையும் சின்னத்தையும் அச்சடித்து விற்பதுதான் போலி. நம் நாட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்ததால் விலை வேறுபாடு உங்களை இழுப்பது இயல்பே. ஆனால் மலிவுக் கட்டைகளில் சில, ஒரே பெட்டிக்குள்ளேயே சில இடங்களில் கழன்று விழும், சில இடங்களில் கட்டைவிரல் சிவக்கும்வரை அழுத்தினாலும் இறங்காது. முதல் முறையாகக் கட்டும் பிள்ளை அதைத் தன் திறமைக்குறைவு என்று எண்ணிக்கொள்கிறது. சிறிய செட்டாக ஒன்றை வாங்கிப் பிடியைச் சோதித்த பிறகு பெரியதற்குப் போங்கள். பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஸ்டிக்கர் ஒவ்வொரு முறையும் கோணலாகவே ஒட்டுகிறது.
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: கட்டையின்மீது சோப்பு கலந்த நீரை ஒரு சொட்டு தடவி, ஸ்டிக்கரைச் சிறு இடுக்கியால் பிடித்து வையுங்கள். ஈரம் காயும்வரை நகர்த்திச் சரிசெய்யலாம். சரியானதும் மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி எடுங்கள்.