மகள் கெமிக்கல் இன்ஜினியரிங் கேட்கிறாள், சேர்க்கலாமா?

வணக்கம் அம்மா. வேதியியலில் 98 வாங்கிய மகள் கெமிக்கல் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்கிறாள், சொந்தக்காரர்களோ கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள், கெமிக்கல் படித்தால் கடைசியில் லேப்பில்தானே நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். லேப் வேலைக்குப் பெரும்பாலும் எடுப்பது வேதியியலில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்தவர்களை. கெமிக்கல் இன்ஜினியருக்கு இடம் பிளாண்ட், அதாவது பொருளைப் பெரிய அளவில் தயாரிக்கும் ஆலை.

மகளின் பாடப்புத்தகத்தில் கந்தக அமிலம் தயாரிக்கும் முறை இருக்கும். வனேடியம் பென்டாக்சைடு என்ற வினையூக்கியின் (வினையை வேகப்படுத்தும் பொருளின்) மேல் கந்தக டைஆக்சைடு டிரைஆக்சைடாக மாறுகிறது. புத்தகத்தில் அது ஒரே வரி. பிளாண்டில் பாருங்கள்: சூடு 400 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் வினையூக்கி வேலையே செய்யும். செய்யத் தொடங்கியதும் வினையிலிருந்தே வெப்பம் கிளம்பி வாயு 600 டிகிரி வரை ஏறும். அந்தச் சூட்டில் மிச்ச டைஆக்சைடு மாறாமல் நின்றுவிடும். அதனால் வினையூக்கியை அடுக்கடுக்காக வைக்கிறார்கள். ஓர் அடுக்கைத் தாண்டிய வாயுவை வெளியே எடுத்துக் குளிரவைத்து அடுத்ததற்குள் விடுகிறார்கள். பொதுவாக நான்கு அடுக்கு. எடுத்த வெப்பத்தையும் வீணாக்காமல் நீராவியாக்கிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் கணக்குப் போட்டு வடிவமைத்து, இரவு பகலாக ஓடவைப்பதுதான் பிராசஸ் இன்ஜினியரிங். கெமிக்கல் இன்ஜினியரின் வேலை இதுதான்.

ஆகவே அந்த 98-ஐ மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். இந்தப் படிப்பில் வேதியியலைவிடக் கணக்கும் இயற்பியலும்தான் அதிகம். சமன்பாடுகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் திணறுவதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். மேலே சொன்னதை மகளிடம் படித்துக் காட்டுங்கள். "ஏன் நான்கோடு நிறுத்துகிறார்கள், ஐந்து வைத்தால் என்ன?" என்று அவளாகக் கேட்டால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

வேலை எங்கே என்றால், மணலியில் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இருக்கின்றன, தூத்துக்குடியிலும் உர ஆலை உண்டு. மருந்து, பெயின்ட், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று மற்ற துறைகளும் இருக்கின்றன. பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் இன்ஜினியரிங் பட்டதாரிகள் எழுதும் 'கேட்' (GATE) தேர்வின் மதிப்பெண் பார்த்து ஆள் எடுத்திருக்கின்றன. வினையூக்கியிலேயே ஆராய்ச்சி செய்ய ஆசை வந்தால், சென்னை ஐஐடியில் அதற்கென்றே தேசிய மையம் இருக்கிறது.

ஷிப்ட் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். முதல் சில வருடங்கள் இரவு ஷிப்ட் வரலாம். ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருக்கும். ஆலை தங்குமிடமும் போக்குவரத்தும் தருகிறதா என்று வேலையில் சேரும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பெண் என்பதற்காக இந்தப் படிப்பு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கல்லூரி என்று பார்த்தால், கிண்டியில் 1944-இல் தொடங்கிய ஏ.சி.டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), திருச்சி என்ஐடி, காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இவற்றை முதலில் பாருங்கள். வேறு கல்லூரி என்றால் மகளோடு நேரில் போங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், யூனிட் ஆபரேஷன்ஸ் லேப், அதாவது ஆலைக் கருவிகளைச் சிறிய அளவில் ஓட்டிப் பழகும் கூடம், எங்கே என்று கேளுங்கள். அங்கே இருக்கும் கருவிகள் ஓடுகின்றனவா, தூசி படிந்து கிடக்கின்றனவா என்பதை மகளே பார்த்துச் சொல்லட்டும்.