செங்குத்தாக நிற்காத குச்சி – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். திறந்தவெளிக் கற்றலை ஆதரித்துச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். என் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய பள்ளியில் இவ்வாண்டு முதல் புதன்கிழமைதோறும் அரைநாள் பாடங்களை வெளியே வைத்து நடத்துகிறார்கள். சேறு படிந்த காலணியோடும் பாதி எழுதிய குறிப்பேட்டோடும் அவள் வீடு திரும்புகிறாள். கணக்கில் இரண்டு அத்தியாயங்கள் பாக்கி நிற்கின்றன. கேட்டால், பிள்ளைகளின் கண்ணுக்கு நல்லது என்கிறார்கள். அவளுக்குப் போன ஆண்டே கண்ணாடி போட்டாகிவிட்டது. அண்மையில் ஒரு பையன் கல்லில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அதன் பிறகு பெற்றோர் சிலர் இதை நிறுத்தும்படி மனு எழுதியிருக்கிறார்கள். நானும் கையெழுத்திடலாமா என்று யோசிக்கிறேன். இது உண்மையிலேயே கல்விதானா, இல்லை வெறும் மோஸ்தரா?

எம்.

அன்புள்ள எம்.,

கணக்குப் பாடம் பாக்கி நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் வகுப்பு ஒன்றோடு துணைக்குப் போயிருந்தேன். மரத்தில் ஏறாமல் அதன் உயரத்தைக் கண்டுபிடிப்பதுதான் அன்றைய வேலை. ஒரு மீட்டர் நீளக் குச்சியை நட்டு அதன் நிழலை அளப்பது, அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் அளப்பது, பிறகு வடிவொத்த முக்கோணங்களின் விகிதத்தைப் போடுவது. பாடப்புத்தகத்தில் இந்தக் கணக்கை அவர்கள் ஏற்கெனவே பத்து முறையாவது சரியாகச் செய்திருந்தார்கள். மரத்தின் நிழல் 9.6 மீட்டர் என்பதில் இரு குழுக்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. முதல் குழுவின் குச்சி நிழல் 80 சென்டிமீட்டர். மரம் 12 மீட்டர் என்றார்கள். இரண்டாவது குழுவுக்குக் குச்சி நிழல் 64 சென்டிமீட்டர். மரம் 15 மீட்டர். ஒரே மரம், ஒரே வெயில், ஆனால் மூன்று மீட்டர் வித்தியாசம். முதலில் பெருக்கலைச் சோதித்தார்கள், பிறகு அளவுநாடாவைச் சந்தேகித்தார்கள், பிறகு ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள். அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒரு பெண், ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டி இரண்டாவது குழுவின் குச்சியருகே தொங்கவிட்டாள். குச்சி சூரியன் இருக்கும் பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தது. அதனால்தான் நிழல் குட்டையாகி, மரம் நெட்டையாகிவிட்டது.

‘ஒரு குச்சி செங்குத்தாக நடப்பட்டுள்ளது’ என்று பாடப்புத்தகத்தின் கணக்கு தொடங்கும். அந்தச் செங்குத்தை யாரோ முன்கூட்டியே உறுதிசெய்து மாணவரின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தரை சமமாக இருப்பதையும், நிழலின் நுனி தெளிவாகத் தெரிவதையும் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். வெளியே இவற்றில் எதுவும் கொடுக்கப்படுவதில்லை; ஒவ்வொன்றையும் மாணவரே உழைத்து ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். திறந்தவெளிக் கற்றலுக்கு ஆதரவாக என்னிடம் உள்ள முதன்மையான வாதம் இதுதான். காற்று, பசுமை, மகிழ்ச்சி என்று பிறர் சொல்பவையெல்லாம் எனக்கு இதற்கு அடுத்தபடிதான். குச்சியை நிமிர்த்தி மறுபடி அளந்தபோதும் இரு குழுக்களின் விடைகளும் சில சென்டிமீட்டர் வேறுபட்டன. எது சரி என்று ஆசிரியரைக் கேட்டார்கள். மரத்தின் உண்மையான உயரம் அவருக்கும் தெரியாது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இல்லாத ஒரு கணக்கை அந்தப் பிள்ளைகள் அன்றுதான் முதல்முறையாகச் சந்தித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மோஸ்தரா என்று கேட்டிருந்தீர்கள். 1901இல் தாகூர் சாந்திநிகேதனில் பள்ளியைத் தொடங்கி மரத்தடியில் வகுப்புகள் நடத்தினார். 1904இல் பெர்லினையொட்டிய சார்லொட்டன்பர்க்கில், உடல் நலிந்த பிள்ளைகளுக்காகக் காட்டுக்குள் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. மோஸ்தர் என்றால் மிகவும் வயதான மோஸ்தர்.

பாக்கி நிற்கும் அத்தியாயங்களுக்கு வருகிறேன். வெளியே போன நேரம் பாடத்திலிருந்து கழிந்த நேரம் என்று கணக்கிடுகிறீர்கள். உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் பாடமாகவே கழிவதாக வைத்துக்கொண்டால்தான் இந்தக் கழித்தல் செல்லும். அமெரிக்காவில் மிங் குவோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒன்பது, பத்து வயது மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பாடத்தைப் புல்வெளியில் நடத்திவிட்டு, அதற்கடுத்த பாடத்தை வகுப்பறையில் நடத்தும்போது பிள்ளைகள் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ‘இங்கே பார்’, ‘பேசாதே’ என்று ஆசிரியர் பாடத்தை நிறுத்திச் சொல்ல வேண்டிவந்த தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. இரண்டு வகுப்புகள், பத்து வாரங்கள் என்ற அளவில் நடந்த சிறிய ஆய்வு அது. அதைக் கொண்டு உலகத்தை அளந்துவிட முடியாது. ஆனால் உளவியலாளர்களான ரேச்சல் கப்லான், ஸ்டீஃபன் கப்லான் இணையர் 1989இலேயே விரிவாக எழுதிய ஒரு கருத்தோடு அது பொருந்துகிறது. முயன்று குவிக்கும் கவனம் தசையைப்போலக் களைத்துப்போகும் என்றும், இலையசைவையோ நீரோட்டத்தையோ பார்த்திருக்கையில் முயற்சியில்லாமலே கவனம் ஈர்க்கப்படுவதால் அந்தக் களைப்பு நீங்குகிறது என்றும் அவர்கள் விளக்கினார்கள்.

கண்ணைப் பற்றிப் பள்ளி சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. சீனாவின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவுகள் 2015இல் வெளியாயின. அவற்றில் பாதிப் பள்ளிகளில் நாளொன்றுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே செயல்பட வைத்தார்கள். மூன்றாண்டுக்குப் பின் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம்; வழக்கம்போல நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், வகுப்பறையின் வெளிச்சம் பொதுவாகச் சில நூறு லக்ஸ்தான். வெளியே நிழலில் நின்றால்கூடச் சில ஆயிரம் லக்ஸைத் தாண்டும். அந்தப் பிரகாசத்தில் விழித்திரையில் சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள், விழிக்கோளம் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஆனால் இது பெரும்பாலும் வருமுன் காக்கும் வழி. கண்ணாடி போட்ட உங்கள் மகளின் பார்வையை இது திருப்பித் தராது. வாரத்தில் ஓர் அரைநாள் என்பதும் அந்தச் சோதனையின் அளவுக்கு ஈடாகாது. பள்ளி இந்தக் காரணத்தை முன்னால் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.

முழங்கால் சிராய்ப்பை நான் எள்ளவில்லை. 1941இல் கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டும் வேல்ஸ் கடற்கரையில் உள்ள அபர்டோவியில் இளையோருக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். போரில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, உயிர்காப்புப் படகுகளில் வயது முதிர்ந்த மாலுமிகளைவிட இளைஞர்களே விரைவில் தளர்ந்து மடிகிறார்கள் என்ற ஹோல்ட்டின் கவலையே அதற்கு வித்து. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அவ்வளவு கடுமை வேண்டாம். ஆனால் ஈரக்கல்லில் கால் வைக்குமுன் அதன் வழுக்கலைக் கணிக்க, ஈரக்கல்லில் கால் வைத்துத்தான் பழக வேண்டும். கூடவே எத்தனை பெரியவர்கள் போகிறார்கள், முதலுதவிப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது சேறு அல்ல, அந்தப் பாதி எழுதிய குறிப்பேடுதான். வெளியே அழைத்துப்போனாலே கற்றுக்கொள்வார்கள் என்று நானும் ஒருகாலத்தில் நம்பியிருந்தேன். முன்கூட்டி ஒரு கேள்வியும் தயாரிக்காமல் ஒரு வகுப்பை நீரோடைக்கு அழைத்துப்போய், வெயிலில் என் குரல் ஐந்து பேருக்குமேல் எட்டாமல், இரண்டு மணிநேரம் கழித்து நனைந்த காலுறைகளோடு திரும்பியிருக்கிறேன். அன்று அவர்கள் கற்றது எதுவும் இல்லை. வெளியே எடுத்த அளவுகள் மறுநாள் வகுப்பறையில் அட்டவணையாகவும் வரைபடமாகவும் மாறி, ஏன் இப்படி வந்தது என்ற விவாதமாக வளர வேண்டும். அந்தத் தொடர்ச்சி அறுந்தால் உங்கள் மனு நியாயமானதாகிவிடும். பள்ளியிடம் நீங்கள் வாதாட வேண்டிய இடம் இதுவே: வியாழக்கிழமை காலையில் அந்தக் குறிப்பேட்டை யார் திறக்கிறார்கள்?

மகளிடம் ‘இன்று என்ன பார்த்தாய்?’ என்று கேட்டால் ‘மரம்’ என்பாள். எதை அளந்தாள், அடுத்த குழுவின் அளவு ஏன் வேறாக வந்தது என்று கேட்டுப் பாருங்கள். மனுவில் கையெழுத்திடுமுன், அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு புதன்கிழமை நீங்களும் கூடப் போய்வாருங்கள். பழைய காலணியைப் போட்டுக்கொள்ளுங்கள். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க எப்போதும் ஓர் ஆள் குறைவாகவே இருக்கும்.