புதிதாக வாங்கிய தொலைதூர வேட்டைத் துப்பாக்கியின் குறியை எப்படிச் சீராக்குவது?

நியூசிலாந்தின் தென்தீவில் மலைவேட்டைக்கென்று 6.5 கிரீட்மூர் என்னும் தோட்டா வகைக்கான துப்பாக்கி ஒன்றைப் புதிதாக வாங்கியிருப்பதாகவும், நூறு மீட்டரில் ஒரு சமயம் மூன்று குண்டுகளும் ஒட்டினாற்போல் விழுந்து மறுசமயம் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுவதாகவும் எழுதிவிட்டு, தோட்டாவை மாற்றுவதா குழலை மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் இப்போதைக்குத் தொடவேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் துப்பாக்கி உரிமம் பெற்றவர் என்றும், அதைப் பதிவேட்டில் சேர்த்துவிட்டவர் என்றும், உங்களுக்கு அருகில் ஒரு சுடுதளம் இருக்கிறது என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் கிறைஸ்ட்சர்ச்சில் வாழ்கிறேன். தெற்கு ஆல்ப்ஸ் மலைகளில் தார் எனப்படும் இமயமலைக் காட்டாட்டை வேட்டையாடுகிறேன். இதைத் தமிழில் எழுதினால், நம் வரையாட்டின் உறவைக் கொல்கிறாயே என்று யாராவது கேட்பார்கள் என்பது தெரியும். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தார் 1904இல் ஆவோராக்கி (மவுண்ட் குக்) மலையடிவாரத்தில் கொண்டுவந்து விடப்பட்ட விலங்கு. இங்கே அதைப் பிடித்துத் தின்னும் மிருகம் எதுவும் இல்லாததால் பெருகி, உயர்மலைப் புல்லையும் பூச்செடிகளையும் மேய்ந்து அழிக்கிறது. 1993ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டுத் திட்டம் அதன் எண்ணிக்கைக்குப் பத்தாயிரம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. நம் வரையாடு அதனோடு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்ததும் பழைய கதை. 2005இல் மரபணு ஆய்வு வரையாட்டைச் செம்மறியாட்டுக்கு நெருக்கமான தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டது. வரையாட்டின் மீது ஒரு கல் விழுந்தாலும் வருந்துகிறவன் நான். தாரைச் சுடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அரைகுறையாகச் சுட்டு அதைப் பாறையிடுக்கில் துடிக்கவிடுவதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவது அதனால்தான்.

என் துப்பாக்கியை வாங்கியபோது, ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, கடையிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கினார்கள். குழலோடு ஸ்கோப்பை நேர்ப்படுத்தியாகிவிட்டது, நேரே மலைக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னார்கள். சுடுதளத்தில் பார்த்தால் குண்டுகள் மேலும் கீழுமாக நீண்ட கோடு போல விழுந்தன. பக்கத்து மேசைக்காரர் தோட்டாவை மாற்றச் சொன்னார். இன்னொருவர் குழல் சரியில்லை என்றார். மூன்றாமவர் துப்பாக்கியின் தோளில் பதியும் கட்டையையே மாற்றச் சொல்லி, தம்மிடம் விற்பனைக்கு ஒன்று இருப்பதாகவும் தெரிவித்தார். நான் எதையும் வாங்காமல் வீட்டுக்கு வந்து ஸ்கோப்பைக் கழற்றினேன். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களுக்கு அடியில் துப்பாக்கியோடு இணையும் திருகு ஒன்று விரலாலேயே சுழன்றது. ஆலையில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைத் துடைக்காமலேயே அதை முடுக்கியிருந்தார்கள். மேல்வளையத் திருகுகளையோ, ஸ்கோப்பின் உடலில் தடம் பதியும் அளவுக்கு இறுக்கியிருந்தார்கள். கடைக்குப் போய்க் காட்டியபோது, உதைப்பில் திருகு தளர்வது இயல்புதானே என்றார்கள். முறையாக முடுக்கிய திருகு ஒரு பெட்டித் தோட்டாவுக்குள் தளராது. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் இந்த அலட்சியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஏனென்றால் அந்தத் துப்பாக்கியோடு நான் மலைக்கே போயிருந்தால், அதன் விலையைக் கொடுத்திருப்பது ஒரு விலங்கு.

ஆகவே முதல் வேலை இதுதான். ஸ்கோப்பை முழுவதும் கழற்றுங்கள். திருகுகளையும் துளைகளையும் எண்ணெய் போகத் துடையுங்கள். அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். மேல்வளையத் திருகுகளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 அங்குலப் பவுண்டு (முடுக்கும் விசையின் அலகு) வரை போதுமானது. அதற்குமேல் இறுக்குவது ஸ்கோப்பைக் கெடுக்கும். குழல் பொருந்தியிருக்கும் உலோகப் பகுதியையும் கட்டையையும் இணைக்கும் அடித்திருகுகளையும் அவ்வாறே சரிபாருங்கள். சைலன்சர் மாட்டியிருந்தால், சில குண்டுகளுக்கு ஒருமுறை அது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குழலின் முனையில் தொங்கும் எடை குண்டு விழும் இடத்தையே மாற்றிவிடும் என்பதால், மலையில் எப்படிச் சுடுவீர்களோ அப்படியே, சைலன்சரோடுதான் ஜீரோ செய்ய, அதாவது குறுக்குக்கோடு காட்டும் இடமும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி ஸ்கோப்பைச் சீராக்க வேண்டும்.

அடுத்து, மூன்று குண்டுகளை வைத்துத் துப்பாக்கியை எடைபோடுவதை நிறுத்துங்கள். உங்கள் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். தளர்வான திருகு எதுவுமே இல்லாத நல்ல துப்பாக்கியிலும், மூன்று குண்டுகள் ஒருநாள் ஒட்டி விழும், மறுநாள் விலகி விழும், அது தற்செயல். சராசரியாக மூன்று குண்டுகளில் 3 சென்டிமீட்டர் பரவும் துப்பாக்கி, பத்துக் குண்டுகளில் ஏறத்தாழ 4.7 சென்டிமீட்டர் பரவும். துப்பாக்கி அதற்குள் கெட்டுப்போய்விடவில்லை. குண்டுகளின் எண்ணிக்கை கூடினால் ஓரத்துக் குண்டுகளும் வெளிப்படும் என்பது வெறும் கணக்கு. ஒரே இலக்கில், மெல்லிய வேட்டைக்குழல் கையால் தொட்டால் சுடாத அளவுக்கு இடையிடையே ஆறவிட்டு, பத்துக் குண்டுகள் சுட்டுப் பாருங்கள். அந்தப் பரவலின் நடுப்புள்ளியை வைத்து ஜீரோ செய்யுங்கள். தோட்டா வீணாகிறதே என்று சிலர் சொல்வார்கள். மூன்று மூன்றாகச் சுட்டு, ஒவ்வொரு முறையும் ஸ்கோப்பின் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தால் அதைவிட அதிகமாகத்தான் வீணாகும். குறியும் ஓரிடத்தில் நிற்காது.

துப்பாக்கி சரியாக இருந்தும் பரவல் குறையாவிட்டால், உங்கள் தோளையும் விரலையும் பாருங்கள். நண்பர் ஒருவரை அருகில் நிறுத்தி, மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவையும் உண்மைத் தோட்டாவையும் உங்களுக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி இடச்சொல்லுங்கள். வெறும் விசை சொடுக்கும்போது குழல் முனை தாழ்ந்தால், வெடிக்கும் முன்பே நீங்கள் உதைப்புக்கு அஞ்சித் துப்பாக்கியைத் தள்ளுகிறீர்கள் என்று பொருள். இது வீரத்துக்குக் குறைவு அல்ல, உடம்பின் இயல்பு. பயிற்சித் தோட்டாவை வைத்து வீட்டில் விசைப்பயிற்சி செய்தால் அடங்கிவிடும். ஸ்கோப்பின் பக்கக் குமிழைத் திருப்பி, தலையை லேசாக அசைத்தாலும் குறுக்குக்கோடு இலக்கை விட்டு நகராதபடி வைத்துக்கொள்வதும் தவறக்கூடாது. தொலைவு கூடக்கூட இந்தச் சிறு பிழை பெரிதாகும்.

நூறு மீட்டர் தாண்டிய பிறகுதான் 'தொலைதூரம்' என்ற சொல்லுக்கே பொருள் வருகிறது. தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தை அப்படியே நம்பாதீர்கள். 143 கிரெய்ன் எடையுள்ள குண்டுக்கு நொடிக்கு 2700 அடி என்று போட்டிருப்பது 24 அங்குலக் குழலில் அளந்தது. சைலன்சர் மாட்டுவதற்காக 20 அங்குலமாகக் குறுக்கிய என் குழலில், வேகமானி 2600ஐ ஒட்டியே காட்டியது. இந்த நூறு அடி வேறுபாடு 500 மீட்டரில் குண்டை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் தாழ்த்தும். அதே தொலைவில் மணிக்கு 10 கிலோமீட்டர் பக்கக்காற்று, கன்னத்தில் மெல்லப் படுவதுபோல் தோன்றும் காற்று, குண்டை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிடும். தாரின் நெஞ்சுப் பகுதியில் குண்டு பட வேண்டிய இடமோ ஒரு சாண் அகலம்தான். மலைப் பள்ளத்தாக்கில் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காற்று, நடுவெளியில் ஒரு காற்று, விலங்கு நிற்கும் சரிவில் மேல்நோக்கி இன்னொரு காற்று வீசும். எந்தக் கருவியும் இதை முழுமையாகக் கணித்துக் கொடுப்பதில்லை. செங்குத்தான சரிவில் நேர்க்கோட்டுத் தூரத்தை அல்ல, கிடைத்தூரத்தையே கணக்கில் கொள்ளவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 45 பாகைச் சரிவில் 400 மீட்டர் என்பது ஏறத்தாழ 280 மீட்டர் போலவே சுடப்பட வேண்டியது.

800 மீட்டரில் சுட்டு வீழ்த்தும் காணொளிகளைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அங்கே தவறிய குண்டுகளை யாரும் காட்டுவதில்லை. உங்களைச் சொல்லவில்லை; நீங்கள் வேட்டைக்கு முன்பே கேட்கிறீர்கள். மேசைமீது மணல்மூட்டையில் சாய்த்துச் சுடுவதை மட்டும் வைத்து உங்கள் எல்லையைத் தீர்மானிக்காதீர்கள். முதுகுப்பையின் மீது துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சிரைக்க மேடேறி வந்தபின், சரிவில் கோணலாகப் படுத்து, ஆறாத குழலோடு அல்ல, குளிர்ந்த குழலின் முதல் குண்டோடு சுட்டுப் பாருங்கள். ஒரு சாண் தட்டில் பத்துக்குப் பத்தும் விழும் தூரம் எதுவோ அதுவே உங்கள் எல்லை. எனக்கு அது அமைதியான நாளில் 350 மீட்டர். காற்று வீசினால் அதையும் குறைத்துக்கொள்வேன். பெரும்பாலும் ஒரு மணிநேரம் ஊர்ந்து நெருங்கினால் 200 மீட்டருக்குள் போய்விடலாம். தார் மேலிருந்து வரும் ஆபத்தைவிடக் கீழிருந்து வருவதைத்தான் அதிகம் கவனிக்கும் என்பதால், உயரத்திலிருந்து இறங்கி வருவது நல்லது.

புதுக்குழலை ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை துடைத்துப் பழக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை என்பது என் கருத்து, மறுப்பவர்கள் உண்டு. முதலில் ஆலை எண்ணெயைத் துடைத்தெடுங்கள், பிறகு பரவல் கூடுவதாகத் தெரியும்போது மட்டும் குண்டுகள் குழலுக்குள் விட்டுச்செல்லும் செப்புப் படிவைக் கழுவுங்கள். கழுவிய பின் வரும் முதல் சில குண்டுகள் வேறிடத்தில் விழலாம் என்பதால், வேட்டைக்குக் கிளம்பும் முந்தைய நாள் குழலைக் கழுவாதீர்கள்.