சேம்பர்னா மத்தியான சாப்பாடு மட்டும்தானா?

அன்புள்ள அண்ணா,

எங்க வீட்டுக்காரர் திருக்கனூர்ல காகிதக்கூழ் பொம்மை செய்றார். பிரான்சுல மார்செய்ங்கற ஊர்ல கடை வச்சிருக்குற ஒருத்தர் நாப்பது பொம்மை கேட்டிருக்கார், கூடவே ‘ஒரிஜின் சர்டிபிகேட்’ வேணும்ங்கறார். தெரிஞ்சவர் ஒருத்தர் இந்தோ-பிரெஞ்சு சேம்பர்ல, அதான் ரெண்டு நாட்டு வணிகர் சங்கத்துல, மெம்பர் ஆயிடுங்கன்னு சொல்றார். இன்னொருத்தர், அது கோட்டு போட்டவங்க கூடி சாப்ட்டுட்டு போட்டோ எடுத்துக்குற இடம், உங்களுக்கு எதுக்குங்கறார். இந்த ரெண்டு நாட்டு சேம்பர்லாம் எதுக்கு வந்துச்சு? நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அதுல ஏதாச்சும் இருக்கா?

மலர்விழி, திருக்கனூர்

அன்புள்ள மலர்விழி,

சாப்பாடும் போட்டோவும் உண்மைதான், நானே ரெண்டு தடவ போயி நல்லா சாப்ட்டுட்டு வந்திருக்கேன், மறைக்க என்ன இருக்கு. ஆனா அந்தக் கடைக்காரர் கேட்டாரு பாருங்க ஒத்தப் பேப்பர், சேம்பரோட கதையே அதுக்குள்ளதான் இருக்கு. விக்கிறவரும் இல்லாம வாங்குறவரும் இல்லாம மூணாவதா ஒருத்தர், ‘ஆமாங்க, இது இன்ன ஊர் சரக்குதான்’னு சீல் குத்தித் தர்றது. முகம் பாக்காத ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு சாட்சி, அவ்ளோதான். உங்க ஆளு மார்செய்காரர்ங்கறது இன்னும் வேடிக்கை, ஏன்னா உலகத்துலயே மொத சேம்பர் ஆஃப் காமர்ஸ் ஆரம்பிச்சது அந்த ஊர்லதான், 1599-ல.

நம்ம புதுச்சேரிக்கும் இந்த சீலுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. அவுரி போட்டு சாயம் ஏத்துன நீலத்துணி இங்கேர்ந்து கப்பல்ல பிரான்சுக்குப் போயி அங்கேர்ந்து ஆப்பிரிக்கால செனகலுக்குப் போகும், பிரெஞ்சுக்காரங்க அதுக்கு கினேன்னு பேரு வச்சிருந்தாங்க. செனகல் ஆத்துப் பக்கம் அந்தத் துணிதான் கிட்டத்தட்ட காசு மாதிரி, துணியக் குடுத்து வேலம்பிசின் வாங்குவாங்க, அந்தப் பிசின் பிரான்சு துணி மில்லுங்களுக்குத் தேவை. பிரான்சுல ரூவான்ங்கற ஊர்ல மெஷின்ல அதே மாதிரி துணி நெய்ஞ்சு அனுப்பிப் பாத்தாங்க, செனகல்ல உள்ள பிசின் யாவாரிங்க தொட்டுப் பாத்து மோந்து பாத்து இது புதுச்சேரி துணி இல்லன்னு தள்ளிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, மூக்குலயே ஒரிஜின் சர்டிபிகேட் வச்சிருந்திருக்காங்க! அப்புறம் இங்கயே சிலர் நீளத்தையும் எடையையும் கொறச்சு ஏமாத்த ஆரம்பிச்சதுல பேரு கெட்டுச்சு, கடைசியா 1843-ல பிரெஞ்சு சர்க்காரே அளவு, எடை இவ்ளோ இருக்கணும், முத்திரை இருக்கணும்னு உத்தரவு போட்டுது. யாவாரம் நாணயத்துல நடக்குதுன்னு சொல்வோம், ஆனா நாணயத்துக்கும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் தேவைப்பட்டுருக்கு.

அடுத்து மல்லாட்டை, அதான் நிலக்கடலை. பண்ருட்டி, திண்டிவனம் பக்கத்து மல்லாட்டை புதுச்சேரி வழியா கப்பலேறி மார்செய்க்குப் போச்சு, எண்ணெய்க்கும் சோப்புக்கும். 1879-ல விழுப்புரத்துலேர்ந்து ரயில் வந்ததும் மூட்டைங்க வர்றது இன்னும் சுலபமாச்சு.

ஒண்ணு சொல்லணும். இந்த மாதிரி ‘இரு நாட்டு வர்த்தக உறவு’ன்னு விழா மலர் போடுறவங்க கப்பலப் பத்தி எழுதுவாங்க, கவர்னரப் பத்தி எழுதுவாங்க, 1936 ஜூலை 30-ல புதுச்சேரி சவானா துணி மில்லுல எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடுன தொழிலாளிங்க 12 பேர பிரெஞ்சு சர்க்கார் ஆளுங்க சுட்டுக் கொன்னாங்களே, அத மட்டும் அழகா தாண்டிப் போயிடுவாங்க. துணி நெய்ஞ்சவங்க இல்லாம என்ன உறவு.

அப்புறம் எல்லை. 1941-ல பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் சுங்கத்த ஒண்ணாக்குனாங்க, 1949-ல இந்தியா அத ரத்து பண்ணிடுச்சு, அதோட புதுச்சேரியச் சுத்தி சுங்கச்சாவடி. பாகூர் பக்கம்லாம் ஒரு வயக்காடு பிரெஞ்சு, பக்கத்து வயக்காடு நம்மது. எங்க தாத்தா மஞ்சக்குப்பத்துலேர்ந்து சைக்கிள்ல போவாராம், கன்னியக்கோயில் கிட்ட டிபன் பாக்ஸத் தொறந்து சோத்தக் கிளறிப் பாப்பாங்களாம், உள்ள வாட்ச் கீட்ச் இருக்கான்னு. இப்ப முள்ளோடை செக்போஸ்ட்ல சாராய பாட்டில் தேடுறாங்க, பை மாறல, உள்ள இருக்குற சாமான்தான் மாறிடுச்சு. 1954 நவம்பர் 1-ல புதுச்சேரி நம்ம கைக்கு வந்துச்சு. சரி, அதுக்கு முன்னாடி பிரான்சோட யாவாரம் பண்ண புதுச்சேரிக்கு தனியா ஒரு ‘நட்பு சங்கம்’ தேவையே இல்ல, அதுவே பிரான்சு கொடிக்குக் கீழதான இருந்துச்சு. சுதந்திரம் வந்தப்புறம்தான் ரெண்டு நாட்டுக் கம்பெனிங்களும் சரிசமமா ஒக்காந்து பேச ஒரு எடம் வேண்டியிருந்துது. ஜெர்மன்காரங்க 1956-லயே நம்மளோட சேம்பர் போட்டுட்டாங்க, இந்தோ-பிரெஞ்சு சேம்பர் வந்தது 1977-ல. ஆள் தேடித் தர்றது, கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போறது, அந்த ஊர் சட்டம் என்னன்னு சொல்றது, இதெல்லாம் அவங்க வேலை. நாப்பது பொம்மைக்கு அந்த மெம்பர்ஷிப் தேவையில்ல, எனக்குத் தோணுறது இதான். நானூறு, நாலாயிரம்னு ஆனா யோசிங்க.

இப்ப வேண்டியது ஐஈசி கோடு, அதாவது ஏத்துமதி இறக்குமதி பண்றவங்களுக்கு சர்க்கார் தர்ற நம்பர், அது இருந்தா டிஜிஎஃப்டி, அதான் மத்திய சர்க்காரோட வெளிநாட்டு வர்த்தக ஆபீஸ், அவங்க போர்ட்டல்லயே ஒரிஜின் சர்டிபிகேட்டுக்குப் போடலாம், அங்கீகாரம் உள்ள சேம்பர் எதுன்னு அதுலயே வரும். திருக்கனூர் பொம்மைக்கு புவிசார் குறியீடு வேற இருக்கு, அத பில்லுல ஒரு வரி எழுதச் சொல்லுங்க, ஆனா அது இருக்கேன்னு ஒரிஜின் சர்டிபிகேட்ட விட்டுடாதீங்க, ரெண்டும் வேற வேற.

இன்னொண்ணு. நான் எக்ஸ்போர்ட் ஆபீஸ் ஒண்ணுல கிளார்க்கா இருந்தப்ப பேக்கிங் லிஸ்ட்ல ஒரு எடை, சர்டிபிகேட்ல ஒரு எடை அடிச்சுட்டேன், பொட்டியோட எடையச் சேத்ததா சேக்காததான்னு பாக்கல. சரக்கு அங்க துறைமுகத்துல பதினோரு நாள் நின்னுச்சு, ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. மொதலாளி என்னத் திட்டல, அந்த பேப்பர மட்டும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில வச்சுட்டுப் போயிட்டாரு, நான் அங்க இருந்த வரைக்கும் அது அப்டியே இருந்துச்சு. அதனால பொம்மைய வைக்கோல் வச்சு பொட்டியில அடுக்கி முடிச்சப்புறம் ஒரு தடவ, அதுக்கு முன்னாடி ஒரு தடவ, ரெண்டு வாட்டி எடை போட்டு எழுதி வச்சுக்கச் சொல்லுங்க. வைக்கோல்னதும் ஞாபகம் வருது, அங்க வைக்கோல உள்ள விடுவாங்களான்னு அந்தக் கடைக்காரர்கிட்டயே மொதல்ல கேட்டுக்கோங்க.