மொரீஷியஸில் இறங்கிய அன்றே சைக்கிளை மிதிக்கத் தொடங்கலாமா?

மதியம் 1 மணிக்கு மொரீஷியஸில் இறங்கி, கழற்றிக் கொண்டுபோன சைக்கிளை மாட்டிச் சேர்த்து, அன்று மாலையே தெற்குக் கரையில் இருக்கும் சுயாக் ஊருக்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதல் வெளிநாட்டுப் பயணம், கூட யாரும் இல்லை, லீவு பத்து நாள்தான், அதில் ஒரு நாளை விட மனம் வரவில்லை. அப்படித்தானே? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் மதுரைக்காரி. 43 வயதில், ஒரு ஜூலை மாதம், தனியாகப் போனேன். காசு கொழுத்துப் போகவில்லை. மூன்று வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். "பொம்பளை தனியாகப் போனால் இப்படித்தான்" என்று கீழே யாராவது எழுதக்கூடும். நான் மாட்டிக்கொண்டதற்கும் பெண் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. சைக்கிளில் ஒரு விரல் நீளத் துண்டு வளைந்திருந்தது, அவ்வளவுதான்.

விமான நிலையத்தில் திரும்பிப் போகும் டிக்கெட்டையும் முதல் இரவு தங்கும் முகவரியையும் கேட்டார்கள். "வழியில் பார்த்துக்கொள்வேன்" என்றேன். அரை மணி நேரம் ஓரமாக உட்கார வைத்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, முகவரி வைத்திருக்க வேண்டியது நான். வெளியே வந்து பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் மாட்டி முடிக்கும்போது மணி 4. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது பதற்றத்தில் மறந்துவிட்டது, அதிலேயே இருபது நிமிடம் போனது.

ஜூலையில் அங்கே குளிர்காலம். ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், சட்டென்று இருட்டும். அவர்கள் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதனால் அங்கே 6 மணி ஆகும்போது நம் உடம்புக்கு 7.30, அதுவும் முந்தின இரவு தூங்காத உடம்பு. நான் போன சாலையின் இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு. ஒதுங்க ஓரம் இல்லை.

ஒரு சின்ன ஏற்றத்தில் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு கியரை மாற்றினேன். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர், பெட்டிக்குள் அடிபட்டு உள்பக்கமாக வளைந்திருந்தது எனக்குத் தெரியாது. நடுப் பற்களில் ஓடும் வரை ஒன்றும் காட்டவில்லை. பெரிய பல்லுக்கு வந்ததும் அந்தப் பின் கியர் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கியது. ஹேங்கர் முறிந்தது, சக்கரத்தில் இரண்டு கம்பி போயிற்று. அப்புறம் இருட்டில் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

வெளிச்சம் தெரிந்த முதல் வீட்டில் ஒரு பாட்டி. என் நெற்றியைப் பார்த்துவிட்டு "வணக்கம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அப்புறம் எல்லாம் அந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல். நான் விழித்தேன். பேரனைக் கூப்பிட்டார், பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிற பையன். ஒவ்வொரு சொல்லாக எடுத்து, "நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்? உங்களுக்குப் பசிக்கிறதா?" என்று கேட்டான். சத்தியமாக அழுதுவிட்டேன். பாட்டி ரசம் ஊற்றினார். அதை அவர்கள் "ரசோன்" என்கிறார்கள். நம் வீட்டு ரசமேதான்.

இரண்டு நாள் அங்கேயே இருந்தேன். அந்த ஹேங்கர் துண்டு ஒவ்வொரு சைக்கிள் சட்டத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. பையன் பஸ் ஏறி கியூர்பிப் என்ற ஊருக்குப் போய், மூன்று கடை அலைந்து, ஏறக்குறைய பொருந்துகிற ஒன்றை வாங்கி வந்தான். அதை அரம் போட்டு ராவித்தான் மாட்டினோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் போக மாட்டேன். அங்கே டூர் போய்விட்டு வந்து "அவங்களுக்குத் தமிழே வரலை, பேர்ல மட்டும் தமிழர்" என்று எழுதுகிறார்களே, அவர்கள் மேல் எனக்குக் கோபம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனாராகவும் தச்சராகவும் போன ஆட்கள் உண்டு. 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் அப்புறம். வீரப்பன் என்ற பெயர் அங்கே வீரப்பேன் ஆகியிருக்கிறது, ஆனால் தைப்பூசம் நாடு முழுக்க அரசு விடுமுறை. பாட்டி கூட்டிப்போன கோவிலில் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிழையில்லாமல் பாடினார்கள். 1998இல் அந்த நாட்டுப் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சிட்டபோது தமிழர்கள் எழுப்பிய எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். இன்றைக்கும் அந்த ஊர் நோட்டில் தமிழ் இந்திக்கு மேலேதான் இருக்கிறது. நம் தெருவில் கடைப்பலகை என்ன எழுத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அவர்களைப் பேசட்டும்.

சரி, உங்கள் பயணம். விமான நிலையத்திலிருந்து சில கிலோமீட்டரில் மாயேபூர் என்ற ஊர் இருக்கிறது. முதல் இரவுக்கு அங்கே அறை போடுங்கள், அந்த முகவரியையே அதிகாரியிடம் காட்டலாம். இங்கேயே பின் கியரைக் கழற்றி, துணியில் சுற்றி, சட்டத்துக்குள் கட்டி அனுப்புங்கள். விளக்கு பேட்டரி கைப்பையில் வரட்டும். மறுநாள் காலை, சுமை ஏற்றாமல், எல்லாப் பல்லிலும் செயினை ஓட்டிப் பாருங்கள். ஜூலையை ஒட்டிய குளிர்கால மாதங்களில் காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கும். அதனால் சுயாக்கை விட்டுவிட்டு கிழக்குக் கரையோடு வடக்கே கிளம்பினால் காற்று பின்னாலிருந்து தள்ளும். வாகனங்கள் நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான், அதில் குழப்பம் வராது.

உங்கள் சைக்கிள் மாடலுக்கான ஹேங்கர் ஒன்று உபரியாக இந்த வாரமே ஆர்டர் போட்டுவிடுங்கள். எனக்கு ஊருக்கு வந்த பிறகு இருபது நாள் கழித்துத்தான் வந்தது.